வீட்டில் செய்யக்கூடிய வேலை

போன ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்த மழையில், என் காரின் டிரைவர் பக்கத்து டோர் பேட் ஊறி, அடிப்பக்கம் அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. ஐந்தாம் நாள் கடைத்தெருவுக்குப் போகலாம் என்று கதவைச் சாத்தினேன். பேட் பாதி கழன்று என் மடியில் விழுந்தது. டோர் பேட் என்றால் வேறொன்றும் இல்லை, கதவின் உட்புறத்தில் ரெக்ஸின் ஒட்டிப் பொருத்தியிருக்கிற அட்டைதான். காரை வாங்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. கழன்று விழுந்தால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரிகிறது.

என்னுடையது மாருதி 800, 2004 மாடல். ஓய்வு பெற்ற மறு வருடம், 2010இல், கையில் வந்த பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். 15 வருடம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் பதிவைப் புதுப்பித்தாயிற்று. அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒரு தடவை. (2022 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து ஒரே தாவாக 5,000 ஆக்கிவிட்டார்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் புலம்புகிறேன்.) 800 தயாரிப்பையே 2014இல் நிறுத்திவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வண்டி நன்றாக ஓடுகிறது. வாரத்தில் இரண்டு நாள் மார்க்கெட், மாதத்தில் ஒரு நாள் சிவகாசி, வருடத்தில் ஒரு தடவை குலதெய்வம் கோவில். எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு பட்டறையில் காட்டினேன். “பேட் தனியா வராது சார். பழைய மாடல். நாலு கதவுக்கும் செட்டா அடிச்சுப் போட்டுருவோம். வண்டியை ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க” என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பெங்களூரில் இருக்கிற மகனிடம் போனில் சொன்னேன். “அப்பா, அதுக்குப் போய் அலையாதீங்க, வண்டியைக் குடுத்துட்டு வேற எடுத்துக்கலாம்” என்றான். அட்டை நைந்ததற்கு வண்டியையே மாற்றுவதா? நான் நாமே கழற்றிப் பார்க்கலாம் என்று சொன்னபோது, என் வீட்டுக்காரி, “ஏங்க, 74 வயசுல தரையில உட்கார்ந்து ஸ்க்ரூ கழட்டணும்னு யாரு உங்களைக் கேட்டா?” என்றாள். யாரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. ஓய்வு பெற்ற பிறகு யாரும் நம்மை எதையும் செய்யச் சொல்வதில்லை. செய்யாதீர்கள் என்று மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, பழைய கோரைப்பாயை விரித்து உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் படிக்கிற என் வயதுக்காரர் யாராவது செய்து பார்க்க நினைத்தால் சொல்கிறேன், இது பயப்படுகிற வேலையே இல்லை. கழற்ற வேண்டியது நாலே இடம். உள் கைப்பிடியைச் சுற்றி ஒரு ஸ்க்ரூ. கையை வைத்துக்கொள்கிற பிடியில் இரண்டு ஸ்க்ரூ. கதவின் மேல் விளிம்பில் இருக்கிற பூட்டுக் குமிழ், அது திருகினால் வந்துவிடும். நாலாவது, கண்ணாடியை ஏற்றி இறக்குகிற சுற்றுக் கைப்பிடி. ஆட்களைத் திணற அடிப்பது இதுதான், ஏனென்றால் இதில் ஸ்க்ரூவே கிடையாது. கைப்பிடிக்குப் பின்னால் குதிரை லாடம் போல வளைந்த ஒரு கம்பிக் கிளிப் ஒளிந்திருக்கிறது. கைப்பிடிக்கும் அதன் பின்னாலுள்ள வட்டத் தட்டுக்கும் நடுவே ஒரு துணி நாடாவை நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து, துண்டால் முதுகு தேய்ப்பது போல இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். கிளிப் ‘டிக்’ என்று தெறித்துவிடும். தெறிக்கிற பக்கம் ஒரு கையைக் குவித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்கவில்லை. அது பறந்துபோய் துளசிச் செடிக்குள் விழுந்தது. தேடி எடுக்க அரை மணி ஆயிற்று.

மீதி எல்லாம் ஓரங்களில் அழுத்திப் பொருத்திய பிளாஸ்டிக் கிளிப்புகள். தட்டையான திருப்புளியின் முனையில் துணி சுற்றி, கிளிப் இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே நெம்ப வேண்டும். இரண்டு கிளிப்புக்கு நடுவில் நெம்பினால் அட்டைதான் பிய்யும். எல்லாம் விட்டதும் பேடை அப்படியே மேல்நோக்கித் தூக்கினால் கையோடு வந்துவிடும்.

கழற்றிப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

காரின் கதவுக்குள் மழைத்தண்ணீர் போகத்தான் செய்யும். கண்ணாடியோடு ஒட்டியிருக்கிற ரப்பர் பீடிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் கண்ணாடியை ஒட்டி உள்ளே வழியும். கதவைச் செய்தவர்களுக்கு அது தெரியும். அதனால் கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். உள்ளே போன தண்ணீர் அந்த வழியாக வெளியே போய்விடும். அந்தத் தண்ணீர் பேடில் படாமலிருக்க, இரும்புக்கும் பேடுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். வெறும் தாள். விலையென்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பேடின் ஆயுள் முழுக்க அந்தத் தாளில்தான் இருக்கிறது.

என் கதவில் அந்தத் தாள் இல்லை. ஓரத்தில் பசையின் கறுப்புத் தடமும், நாலைந்து கிழிசலும் மட்டும் இருந்தன. வடிகால் துளை மூன்றும் மண்ணும் இலைத்தூளுமாக அடைத்துக் கிடந்தன.

நாலு வருடத்துக்கு முன்னால் கண்ணாடி இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தபோது வண்டியை ஓரிடத்தில் விட்டிருந்தேன். பெயர் வேண்டாம். வேலையை நன்றாகத்தான் செய்தார்கள், கண்ணாடி இன்றைக்கும் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறது. ஆனால் உள்ளே கை போக வேண்டும் என்பதற்காகத் தாளைக் கிழித்தவர்கள், முடித்த பிறகு வேறொரு தாளை ஒட்டவில்லை. மேலே பேடைப் பொருத்தி மூடிவிட்டார்கள். மூடிய பிறகு யாருக்குத் தெரியும்? என் ஆபீஸ் வாழ்க்கையில் இது எனக்குப் பழகிய சங்கதி. வேறு பிரிவுக்குப் போன கோப்பு அழகாக நாடா கட்டித் திரும்பி வரும். நடுவில் ஒரு தாள் உருவப்பட்டிருக்கும். அது தெரிய வருவது அடுத்த தணிக்கையில்தான். அன்றைக்கு மேஜையில் யார் இருக்கிறாரோ அவர் பதில் சொல்ல வேண்டும்.

நான் ஒரே ஒரு தடவை இந்தக் கதவைத் திறந்து பார்த்திருந்தால், அன்றைக்கே “அந்தத் தாள் எங்கே தம்பி?” என்று கேட்டிருப்பேன். கேட்கத் தெரியாததால் நாலு மழைக்காலம் கதவு உள்ளே ஊறியிருக்கிறது. நம் பொருளை நாமே திறந்து பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது காசை மிச்சம் பிடிக்க அல்ல. மற்றவரிடம் கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிவதற்கு.

இங்கே கொஞ்சம் பழங்கதை. நான் பிறந்தது புதுச்சேரியில், 1951இல். அப்பாவுக்கு அங்கே ஒரு மில்லில் கணக்கு வேலை. பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தேன். அப்பா போன பிறகு அம்மா எங்களைத் திருத்தங்கலில் மாமா வீட்டுக்குக் கூட்டி வந்தது, நான் தேர்வு எழுதி சாத்தூர் தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தது, என் தமிழ் வரைவுகளைப் பார்த்துத் தலைமை எழுத்தர் தலையில் கை வைத்தது எல்லாம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். அந்தப் பிரெஞ்சுப் பள்ளியில் சின்ன வகுப்புகளில் ‘லெஸோன் த ஷோஸ்’ என்று ஒரு பாடம். பொருள்களின் பாடம் என்று சொல்லலாம். வாத்தியார் புத்தகத்தைத் திறக்க மாட்டார். ஒரு நாள் மெழுகுவத்தி, ஒரு நாள் பீங்கான், ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு. பூட்டை மேஜையில் வைத்து, நாங்கள் சுற்றி நிற்க, நாலு ஆணியைத் தட்டி எடுத்து உள்ளே காட்டினார். சாவி எதைத் தள்ளுகிறது, வில் எதைப் பிடிக்கிறது என்று கண்ணால் பார்த்தோம். எனக்குப் பிரெஞ்சு இலக்கணம் பாதி மறந்துவிட்டது. பூட்டு மறக்கவில்லை.

அந்த மொழியில் ‘பிரிகொலாழ்’ என்று ஒரு சொல் உண்டு. கையில் இருப்பதை வைத்து வீட்டிலேயே ஒன்றைச் செப்பனிட்டுக்கொள்வது. அதற்குச் சரியான தமிழ்ச் சொல் என்ன என்று நான் ரொம்ப நாள் தேடியிருக்கிறேன். ‘ஒட்டுப் போடுவது’ என்றால் மட்டமாகத் தொனிக்கிறது. ‘சொந்தமாய்ச் செய்வது’ என்றால் நீளம். ஆனால் நம் மாவட்டத்தில் சொல் இல்லாமல் போனதற்கு வேறு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன்.

புது பேட் செய்கிற வேலை இரண்டு தடவை நடந்தது. முதல் தடவை நான் செய்தது அசட்டுத்தனம். சிவகாசியில் பைண்டிங் வைத்திருக்கிற பழைய சிநேகிதர் ஒருவரிடம் போய், “அண்ணாச்சி, நல்ல கனமான அட்டை ஒண்ணு குடுங்க” என்றேன். காலண்டருக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் போடுகிற மில்போர்டு கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. பழைய பேடை அதன் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, வெட்டி, ரெக்ஸின் ஒட்டி, பார்க்கக் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. கார்த்திகையில் ஒரே ஒரு மழை. கழிவுக் காகிதத்தைக் கூழாக்கிச் செய்கிற அட்டை அது. தண்ணீரைக் கண்டால் மறுபடியும் கூழாகத்தானே ஆசைப்படும்? பிளாஸ்டிக் தாளைச் சரியாக ஒட்டாததும் என் தப்பு.

இரண்டாம் தடவை மரக்கடையில் 3 மில்லிமீட்டர் ஹார்ட்போர்டு பாதி ஷீட் வாங்கினேன். அது மரநாரைச் சூட்டில் அழுத்திச் செய்வது. அதுவும் தண்ணீரில் ஊறும், ஆனால் அவ்வளவு சீக்கிரம் ஊறாது. ஊறாமலிருக்க, பின்பக்கமும் முக்கியமாக வெட்டிய விளிம்புகளிலும் எனாமல் பெயின்ட் இரண்டு கோட்டு அடித்தேன். கிளிப் மாட்டுகிற துளைகள்தான் சரியாக அமைய வேண்டும். ஒரு துளை தள்ளிப் போனாலும் பேட் கதவில் உட்காராது. பழைய பேடை மேலே வைத்துக் கட்டி, அதன் துளை வழியாகவே ஆணியால் குறி போட்டுக்கொண்டேன். கிளிப்புகள் மதுரையிலிருந்து வந்தன. பழையதையே திருப்பிப் போடாதீர்கள், கழற்றும்போது பாதிக்குப் பாதி உடைந்துவிடும். பஞ்சு ஷீட், ரெக்ஸின் ஒரு மீட்டர், எஸ்.ஆர். பசை ஒரு டின், எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது.

இந்த இரண்டாம் சுற்றில் எனக்குத் துணையாக ஒரு பையன் வந்தான். பக்கத்துத் தெரு, பதினொன்றாம் வகுப்பு. ஹார்ட்போர்டை ரம்பத்தால் அறுக்க என் தோள் ஒத்துழைக்கவில்லை. “தாத்தா, நான் அறுக்கவா?” என்று தானாகவே வந்து உட்கார்ந்தான். சனி ஞாயிறு வந்தான். ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினேன்.

மறு ஞாயிறு மதியம் அவன் அம்மா வந்தார். நடந்து வரவில்லை, ஓடி வந்தார். சேலைத் தலைப்பைக் கூட இடுப்பில் சொருகியபடியே இருந்தது. அவர் ஃபயர் ஆபீஸில் வேலை பார்ப்பவர். (வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், நம் பக்கத்தில் பட்டாசு ஆலைக்குப் பெயர் ஆபீஸ். நான் 37 வருடம் போனதும் ஆபீஸ்தான், அவர் வேனில் ஏறிப் போவதும் ஆபீஸ்தான்.)

கேட்டுக்கு உள்ளே வந்து நின்றவர், “ஐயா, எம்பிள்ளைக்கு என்ன வேலை குடுத்தீங்க?” என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் வீட்டில் போய்ச் சொன்னது இவ்வளவுதான்: “தாத்தா வீட்டுல அட்டை வெட்டி ஒட்டுற வேலை, நூறு ரூபா தர்றாங்க.” நம் ஊரில் இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீடு, அட்டை, ஒட்டுவது, கூலி. அவர் கதவு திறந்து கிடக்கிற காரைப் பார்த்தார். ஹார்ட்போர்டைப் பார்த்தார். குனிந்து பசை டின்னை எடுத்து மூக்கருகில் வைத்து முகர்ந்து பார்த்தார். அவர் நகக்கண்களில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் இருந்தது. முகர்ந்துவிட்டு, “பசைதானா” என்று சொல்லித் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி தண்ணீர் கொண்டு வந்தாள். பாதியைக் குடித்துவிட்டு, தன் சித்தப்பா மகள் ஒருத்தி வீட்டில் வைத்துத் திரி வேலை செய்தபோது போனதைச் சொன்னார். அழவில்லை. தேதி, கிழமை எல்லாம் சொன்னார்.

வெடிபொருள் உரிமக் கோப்புகள் வருகிற பிரிவில் நான் சில வருடங்கள் இருந்திருக்கிறேன். 1985 மார்ச்சில் ராமநாதபுரத்திலிருந்து நம் மாவட்டம் பிரிந்து, ஆட்சியர் அலுவலகம் விருதுநகருக்கு வந்த பிறகு. அந்தக் கோப்புகளில் இருக்கிற விதிகளைப் படித்தால், ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு சாவு இருப்பது தெரியும். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஒரு அறைக்கும் இன்னொன்றுக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும். பொறி பறக்கும், அதனால் இரும்புக் கருவி கூடாது. மரத்தடியில் வைத்து வேலை செய்யக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, மருந்து ஆலையை விட்டு வெளியே போகக் கூடாது. வீட்டுக்குப் போகவே கூடாது. உரிமம் பெற்ற இடத்திலேயே 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததையும், 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் நடந்ததையும் நாம் மறக்கவில்லை. வீட்டுக்குள் நடந்தால் செய்தித்தாளில் நாலு வரிதான் வரும்.

அதனால் ‘வீட்டிலேயே செய்வது’ என்பது நம் மாவட்டத்தில் கெட்ட வார்த்தை ஆகிவிட்டது. அது நியாயமும் கூட. அந்தத் தாய் ஓடி வந்ததில் ஒரு தப்பும் இல்லை. நான்தான் முதல் நாளே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் அதே தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு கோடு நன்றாகத் தெரியும். வெறும் காகிதக் குழாயை வீட்டில் உருட்டலாம். அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு தீப்பெட்டிக் கூடு ஒட்டினார்கள், அதில் ஆபத்து என்றால் முதுகுவலிதான். குழாய்க்குள் மருந்து போகிற இடத்தில் கோடு இருக்கிறது. குழாய் வீட்டு வேலை, மருந்து வீட்டு வேலை அல்ல. இதை அந்தத் தாய்க்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. டின்னை முகர்ந்து பார்த்தாரே, அதுதான் அந்தக் கோடு.

காரும் அப்படித்தான் என்பது என் கருத்து. டோர் பேட், வைப்பர், பல்பு, ஏர் ஃபில்டர், பேட்டரி முனையில் பூக்கிற வெள்ளை உப்பு எல்லாம் வெறும் குழாய். பிரேக் குழாய் அல்ல. ஏர்பேக் குழாயே அல்ல. அது நிஜமாகவே மருந்து. நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். அந்தப் பைக்குப் பின்னால் ஓர் உலோகக் கூட்டில் மருந்து வைத்து, மின்சாரத் திரி வைத்திருக்கிறார்கள். மோதினால் பற்றி, அந்த வாயுவில்தான் பை ஊதுகிறது. ஜப்பானில் தகாட்டா என்ற கம்பெனி அதற்கு அமோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. ஈரமும் சூடும் வருடக்கணக்கில் பட்டு அது கெட்டுப்போய், பை விரிய வேண்டிய நேரத்தில் உலோகக் கூடே வெடித்துச் சிதறி ஆட்கள் செத்தார்கள். உலகம் முழுக்கப் பல கோடி ஏர்பேக்குகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2017இல் அந்தக் கம்பெனி திவால் ஆனது. ஈரம் பட்ட மருந்து என்ன செய்யும் என்று சிவகாசியில் ஒரு போர்மேனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

என் பழைய 800இல் ஏர்பேக் இல்லை. அதனால் நான் கதவைத் தைரியமாகத் திறந்தேன். உங்களுடையது புது வண்டியாக இருந்தால், கதவிலோ சீட்டின் பக்கவாட்டிலோ ‘ஏர்பேக்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் பக்கவாட்டு மோதலை உணர்கிற சென்சாரையே டோர் பேடுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் தெரிந்தவரிடம் விடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

என் வருத்தம் வேறு. மருந்துக்குப் பயந்து நாம் குழாயையும் கைவிட்டுவிட்டோம். குழாயை நாம் தொடாமலிருப்பது கம்பெனிகளுக்கும் வசதி. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது பலருக்கு நினைவிருக்காது. உதிரிபாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கிற கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்காமல் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. பிறகு மேல்முறையீடு, தடை என்று அது இழுத்துக்கொண்டு போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று ஓர் இணையதளம் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், மோட்டார் வாகனம் என்று நாலு பிரிவு. நல்ல தொடக்கம்தான். ஆனால் எனக்கு வேண்டியது சின்னது. நான் வாங்குகிற வண்டியோடு, எந்த ஸ்க்ரூ எங்கே இருக்கிறது, எதை நான் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று தமிழில் பத்துப் பக்கம் அச்சிட்டுக் கொடுங்கள். சிவகாசியிலேயே அச்சடித்துத் தருவார்கள். கிளிப்பைத் தனியாக விற்கச் சொல்லுங்கள். ஒரு பேட் போனால் ஒரு பேட் கிடைக்க வேண்டும், நாலு வாங்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

பிரான்சில் 2021 ஜனவரியில் செல்போன், லேப்டாப், டி.வி., வாஷிங் மெஷின் போன்ற சிலவற்றுக்குக் கடையிலேயே ஒரு மதிப்பெண் ஒட்டி வைக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. பத்துக்கு இத்தனை. எளிதாகக் கழற்ற முடியுமா, உதிரிபாகம் கிடைக்குமா, விவரப் புத்தகம் இருக்கிறதா என்று பார்த்துப் போடுகிற மார்க். வாங்குகிறவர் விலையைப் பார்ப்பது போல அதையும் பார்க்கலாம். என் பள்ளிக்கூட வாத்தியாரின் பூட்டு ஞாபகம் வந்தது. அந்தப் பூட்டுக்குப் பத்துக்குப் பத்து கொடுப்பேன். கார்களுக்கும் இங்கே அப்படி ஒரு மார்க் போட்டால் நன்றாக இருக்கும்.

“நீங்கள் ஒருத்தர் வீட்டில் அட்டை மாற்றினால் பட்டறைக்காரன் பிழைப்பு என்னாவது?” என்று நடைப்பயிற்சியில் ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. என் அனுபவத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த வாடிக்கையாளரை நல்ல மெக்கானிக் வெறுப்பதில்லை. கூலியும் பேசி வாங்கலாம், பழியும் வராது. நம் ஊரின் கதையே அப்படித்தானே. 1922 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், தீப்பெட்டி எப்படிச் செய்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார்கள். இதெல்லாம் உங்களுக்குப் புரியாது என்று அங்கே யாராவது கதவை மூடியிருந்தால் சிவகாசி இன்றைக்கு வெறும் கரிசல் காடுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அந்தத் தாய் தண்ணீரைக் குடித்துவிட்டு உடனே கிளம்பவில்லை. நான் ரெக்ஸினை மூலையில் மடிக்கத் திணறிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். எஸ்.ஆர். பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம்தான் அழுத்த வேண்டும். நேர் விளிம்பு எனக்கு வந்துவிட்டது. வளைந்த மூலையில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் விழுந்தது. “கொஞ்சம் தள்ளுங்க ஐயா” என்று பாயில் உட்கார்ந்தார். கத்தரிக்கோலால் உள்பக்கம் சின்னச் சின்னதாக நாலு வெட்டு. கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. காற்றுக் குமிழி ஒன்று கூட இல்லாமல் மூலை வட்டமாக உட்கார்ந்தது. இருபது வருடமாகக் காகிதம் உருட்டிய விரல். மற்ற மூன்று மூலையும் அவரே செய்தார். எனக்கு அந்த வேலையை இன்னும் பத்து வருடம் செய்தாலும் அப்படி வராது.

கிளம்பும்போது, “பசை டின்னை அடுப்பங்கரைப் பக்கம் வைக்காதீங்கய்யா, சீக்கிரம் பிடிக்கும்” என்றார். அதுவும் சரிதான். டின்னில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை.

கூலி கொடுத்தேன், வாங்கவில்லை. பையனுக்கு மட்டும் போகட்டும் என்றார். வடிகால் துளைகளை அவன்தான் சைக்கிள் போக்குக்கம்பியால் குத்திச் சுத்தம் செய்தான். ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடி வழியாக ஊற்றி, அடியில் மூன்று துளையிலும் ஒழுகுகிறதா என்று படுத்துப் பார்த்தான். ஒழுகியது. அதன் பிறகுதான் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, பேடைப் பொருத்தினோம்.

மற்ற மூன்று கதவுகளையும் இன்னும் திறந்து பார்க்கவில்லை. உள்ளே தாள் இருக்கிறதா இல்லையா தெரியாது. வர்ற சனிக்கிழமை இடது முன் கதவு. பையன் வருகிறான். இந்தத் தடவை நானே அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.